பழைய ஜெர்மன் மாநிலங்களின் தபால்தலைகள்: புதிதாகச் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனி ஒரே நாடாக ஆவதற்கு முன், 1849-லிருந்து அங்கிருந்த தனித்தனி மாநிலங்கள் வெளியிட்ட தபால்தலைகளைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒரு சின்ன விளக்கம் முதலில். இலங்கையில் தபால்தலையையே முத்திரை என்பார்கள். இங்கே நான் 'தலை' என்று சுருக்கமாக எழுதுவது தபால்தலையை; முத்திரை என்று எழுதுவது, தபால் நிலையத்தில் அதன்மேல் மையால் குத்தும் குத்தைத்தான்.

'ஜெர்மன் மாநிலங்கள்' என்றால் எவை எவை?

1815-க்குப் பிறகு ஜெர்மன் பேசும் நிலப்பரப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் இருந்தன. ராஜ்யங்கள், கோமகன் ஆட்சிகள், சுதந்திர நகரங்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. எல்லாமே சொந்தத் தபால்தலை வெளியிடவில்லை. ஆல்பங்களில் தனிப் பக்கம் பெறுபவை பவேரியா, சாக்சனி, பிரஷ்யா, ஹனோவர், பாடன், வூர்ட்டம்பெர்க், ஓல்டன்பர்க், பிரன்ஸ்விக், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், ஹாம்பர்க், லூபெக், பிரெமன், பெர்கடோர்ஃப், இரண்டு மெக்லென்பர்க்குகள், அப்புறம் தூர்ன்-டாக்சிஸ். கடைசியில் சொன்னது ஒரு நாடே அல்ல, ஒரு குடும்பம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். வடகடலில் இருக்கும் ஹெலிகோலாந்து தீவு அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆனாலும் அதன் தலைகளையும் இந்த வரிசையில் வைப்பதே வழக்கம்.

எதிலிருந்து தொடங்குவது?

பவேரியாவின் 3 க்ராய்ட்ஸர் நீலத் தலையிலிருந்து (க்ராய்ட்ஸர் என்பது தெற்கு ஜெர்மன் மாநிலங்களின் சில்லறை நாணயம்). என்னிடம் யார் கேட்டாலும் இதே பதில்தான். 1849-ல் வந்து 1862 வரை ஓடிய தலை என்பதால் ஏராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இந்தத் துறையில் கற்க வேண்டியதில் பாதி அந்த ஒரு தலைக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றை எடுத்து லென்ஸின் கீழே வையுங்கள். நடுவில் பெரிய '3' என்ற எண். அரசர் முகம் கிடையாது, சுற்றிலும் பூவேலைப்பாடு மட்டும். ஓரத்தில் துளைவரிசை இல்லை. தபால் ஊழியரோ வாங்கியவரோ கத்தரியால் வெட்டியிருப்பார். இப்போது தலையைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடியுங்கள். காகிதத்துக்குள் மேலிருந்து கீழாக மெல்லிய சிவப்பு இழை ஒன்று ஓடும். அது நிஜப் பட்டு நூல். கள்ளத்தலை அடிப்பவர்களைத் தடுக்கக் காகிதம் செய்யும்போதே உள்ளே வைத்துவிடுவார்கள். சில தலைகளில் இழை நடுவில் இருக்கும், சிலவற்றில் ஓரத்தை ஒட்டிப் போகும். பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் அச்சு அழுந்திய மேடு பள்ளம் லேசாகத் தட்டுப்படும். இந்த மூன்றையும் கண்ணும் விரலும் பழகிக்கொண்டால், நாளைக்கு விலை உயர்ந்த தலை ஒன்றைக் கையில் எடுக்கும்போது உங்களுக்குக் கைநடுக்கம் வராது.

ஜெர்மனியின் முதல் தலை எது? அதை வாங்க முடியுமா?

1849 நவம்பர் 1 அன்று பவேரியா வெளியிட்ட 1 க்ராய்ட்ஸர் கறுப்புத் தலை. ஜெர்மன் சேகரிப்பாளர்கள் அதைச் செல்லமாக 'ஷ்வார்ட்ஸர் ஐன்ஸர்' என்பார்கள். 'கறுப்பு ஒன்று' என்று அர்த்தம். அச்சுத் தாள், உள்ளூர்க் கடிதம் போன்ற குறைந்த கட்டண அஞ்சலுக்காக வந்தது. கறுப்பு மேல் கறுப்பு மையால் குத்தினால் முத்திரை தெரியாது, ஒரே தலையை இரண்டாம் முறை ஒட்டிவிடலாம் என்ற பயம் வந்தது. ஓராண்டுக்குள் நிறத்தை மாற்றி, இளஞ்சிவப்பில் வெளியிட்டார்கள். இந்தக் கறுப்புத் தலையில் பட்டு நூல் கிடையாது. கூட வந்த 3, 6 க்ராய்ட்ஸர் தலைகளில் மட்டுமே உண்டு.

வாங்க முடியும். எட்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அச்சிட்டார்கள், எனவே கிடைக்காத பொருள் அல்ல. ஆனால் நான்கு பக்கமும் விளிம்பு முழுதாக உள்ள நல்ல பிரதி விலை ஏறித்தான் இருக்கும். முதல் வருடத்திலேயே அதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கண் பழகட்டும், பிறகு வாங்கலாம்.

சாக்சனியின் சிவப்பு 3 பென்னிக் ஏன் அவ்வளவு அரிது?

1850 கோடையில் வந்த தலை அது. லைப்சிக் நகரத்தில் ஹிர்ஷ்ஃபெல்ட் அச்சகத்தில், தாளுக்கு 20 வீதம் 5 லட்சம் அச்சிட்டார்கள். பார்த்தால் பவேரியத் தலையின் தம்பி மாதிரி இருக்கும். நடுவில் பெரிய 3. அதிகமும் செய்தித்தாள், சுற்றறிக்கை போன்றவற்றைச் சுற்றும் காகிதப் பட்டையில் ஒட்டப்பட்டது. பட்டை கழன்றுவிடாமல் இருக்க இரண்டு முனையும் சேரும் இடத்தில் தலையை ஒட்டுவார்கள். பெறுபவர் பட்டையைக் கிழிக்கும்போது தலையும் சேர்ந்து கிழியும், குப்பைக்குப் போகும். 1851-ல் பச்சை நிறத்தில் புதுத் தலை வந்ததும் மிச்சமிருந்த 36 ஆயிரத்துச் சொச்சம் சிவப்புத் தலைகளை எரித்துவிட்டார்கள். மிஞ்சிய சில ஆயிரத்தில் குறையில்லாதது மிகச் சொற்பம். கிழியாமல் தப்பித்த ஒன்றைப் பார்க்கும்போது, அந்தப் பட்டையை யாரோ ஒருவர் பொறுமையாகப் பிரித்திருக்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

குரோஷன், க்ராய்ட்ஸர், ஷில்லிங் என்று தலை சுற்றுகிறதே?

இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருந்தால் போதும். வடக்கே தாலர், ஒரு தாலருக்கு 30 சில்பர்குரோஷன். தெற்கே குல்டன், ஒரு குல்டனுக்கு 60 க்ராய்ட்ஸர். சாக்சனியில் குரோஷனுக்கு 'நோய்குரோஷன்' என்று பெயர், தாலருக்கு அதே 30 தான், ஆனால் அதை 10 பென்னிக்காகப் பிரித்தார்கள், பிரஷ்யாவில் 12. ஹாம்பர்க், லூபெக் பக்கம் ஷில்லிங். ஹனோவர் ஆரம்பத்தில் ஒரு தாலரை 24 'கூட்டகுரோஷனாக' எண்ணியது.

இவ்வளவு நாணயக் குழப்பத்துக்கு நடுவே 1850 ஜூலை 1 முதல் ஜெர்மன்-ஆஸ்திரிய அஞ்சல் ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்துக்குள் கடிதக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. அவர்களுடைய மைல் ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர். 10 மைல் வரை 1 சில்பர்குரோஷன் அல்லது 3 க்ராய்ட்ஸர். 20 மைல் வரை 2 அல்லது 6. அதற்கு மேல் 3 அல்லது 9. இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், பழைய உறை ஒன்றில் 9 க்ராய்ட்ஸர் தலையைப் பார்த்ததுமே கடிதம் 150 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பாடன், வூர்ட்டம்பெர்க் முதல் தலைகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் '1850 ஏப்ரல் 6 ஒப்பந்தம்' என்று அச்சிட்டிருப்பதும் இந்த ஒன்றியத்தைத்தான் குறிக்கிறது.

முத்திரையில் ஊர்ப் பெயருக்குப் பதில் வெறும் எண் இருக்கிறதே, அது என்ன?

இந்தச் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பல மாநிலங்கள் ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணையே முத்திரையாகக் குத்தச் சொன்னார்கள். ஊர்ப் பெயரும் தேதியும் உறையின் வேறு இடத்தில் தனியாக விழும்.

எண் இருக்கும் சட்டத்தின் வடிவத்தைப் பார்த்தாலே மாநிலம் தெரிந்துவிடும். பவேரியாவுடையது பல்லுப்பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஆலைச் சக்கரம் மாதிரி இருப்பதால் 'ஆலைச் சக்கர முத்திரை' என்றே பெயர். பாடனுடையது எண்ணைச் சுற்றி ஐந்து வட்டம். பிரஷ்யாவும் தூர்ன்-டாக்சிஸும் நான்கு வட்டம். எண் வரிசை பெரும்பாலும் ஊர்ப் பெயரின் அகரவரிசைப்படி போகும். அதனால் பிரஷ்யாவில் 1 ஆகன் நகரம், 103 பெர்லின். பாடனில் 24 கார்ல்ஸ்ரூஹ (அப்போது அதை C-யில் தொடங்கி எழுதினார்கள்), 57 ஹைடல்பெர்க், 87 மன்ஹைம். தூர்ன்-டாக்சிஸ் அஞ்சலில் 220 என்றால் ஃபிராங்க்ஃபர்ட்.

பவேரியாவில் ஒரு சிக்கல் உண்டு. 1856-ல் எண்களை மறுபடியும் ஒதுக்கினார்கள். அதே எண் முதல் சுற்றில் ஓர் ஊர், இரண்டாம் சுற்றில் வேறோர் ஊர். இரண்டாம் சுற்றில் 325 என்றால் மூனிக். உறையில் ஒட்டிய தலையானால் கூடவே ஊர் முத்திரை இருக்கும், பிரச்சினை இல்லை. தனித் தலை என்றால், எந்தக் காலத்துத் தலை என்பதை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய ஊர் எண்கள் அள்ளிக் கொட்டிக் கிடக்கும். ஏதோ ஒரு மலையடிவாரத்துக் கிராமத்தின் எண் விழுந்த அதே 3 க்ராய்ட்ஸர் தலைக்கு விலை பல மடங்கு. சாதாரணத் தலைகளை மொத்தமாக வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், அதிகப் பணம் இல்லாமலே நல்ல சேகரிப்பு ஒன்றை உருவாக்கலாம். நான் அப்படித்தான் வளர்த்தேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நீலத் தலைகளோடு மேசையில் உட்கார்ந்தால் மதியம் ஆவது தெரிவதில்லை.

பயன்படுத்தாத தலைதானே மதிப்பு அதிகம்?

எல்லா இடத்திலும் இல்லை. இந்தத் துறையில் பலமுறை நேர்மாறு.

பாடன் 1862-ல் கிராமப்புற அஞ்சலில் வசூலிக்க வேண்டிய தொகைக்காக 'லாண்ட்-போஸ்ட்' என்ற மஞ்சள் காகிதத் தலைகளை வெளியிட்டது. 1, 3, 12 க்ராய்ட்ஸர் என்று மூன்று. பாடன் அஞ்சல் மூடப்பட்ட பிறகு கையிருப்பு அப்படியே வியாபாரிகளிடம் போய்விட்டது. அதனால் பயன்படுத்தாதது இன்றும் மலிவு. நிஜமாகவே கடிதத்தில் ஒட்டி முத்திரை விழுந்த 12 க்ராய்ட்ஸரோ பெரும் அபூர்வம். பெர்கடோர்ஃப் தலைகளிலும் இதே நிலைமை.

இதன் விளைவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். மலிவான தலை ஒன்றை எடுத்து அதன்மேல் கள்ள முத்திரை குத்தினால் போதும், விலை நூறு மடங்கு ஏறிவிடும். தலை நிஜம், காகிதம் நிஜம், அச்சு நிஜம்; முத்திரை மட்டும் பொய். நானே இதில் மாட்டியிருக்கிறேன். 3 க்ராய்ட்ஸர் லாண்ட்-போஸ்ட் ஒன்றை, அழகான வட்ட முத்திரையோடு, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். நிபுணரிடம் அனுப்பியபோது 'தலை அசல், முத்திரை போலி' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தக் காகிதத்தைத் தலையோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

எனவே பாடன், பெர்கடோர்ஃப், ஹெலிகோலாந்து இந்த மூன்றிலும் முத்திரை விழுந்த விலை உயர்ந்த தலையை, நிபுணர் சான்று இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

நல்ல பிரதி என்று எப்படிச் சொல்வது?

துளையில்லாத தலைகளில் முதலில் பார்ப்பது விளிம்பு. படத்தின் சட்டக்கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் வெள்ளை தெரிய வேண்டும். தாளில் தலைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கத்தரி பிடித்தவர் கொஞ்சம் சாய்த்தாலும் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுவிடும். தூர்ன்-டாக்சிஸ் தலைகள் இதில் படுமோசம். நான்கு பக்கமும் சட்டக்கோடு வெட்டுப்படாத தூர்ன்-டாக்சிஸ் தலைக்குக் கூடுதல் விலை கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம்.

அடுத்து காகிதம். பின்பக்கம் பசையை உரிக்கும்போது காகிதம் மெலிந்திருக்கலாம். விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். மடிப்பு, ஊசித் துளை, மூலை ஒட்டுப்போட்ட இடம், வெட்டுப்பட்ட விளிம்பில் புதுக் காகிதம் சேர்த்தது, எல்லாம் பின்பக்கமே காட்டிக்கொடுக்கும். முன்பக்கப் படத்தை மட்டும் போடுகிற விற்பனையாளரிடம் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

குறையுள்ள பத்து வாங்குகிற பணத்துக்குக் குறையில்லாத ஒன்று வாங்கலாம். அரிய சிற்றூர் முத்திரை மட்டும் விதிவிலக்கு. அதில் விளிம்பு கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தாலும் நான் வாங்குவேன்.

பிழைத் தலைகள் பற்றிச் சொல்லுங்கள்.

பாடனின் 9 க்ராய்ட்ஸர் பிழைதான் எல்லாவற்றுக்கும் மேலே. பாடன் முதல் தலைகள் 1851 மே 1 அன்று வந்தன. எல்லாமே கறுப்பு மையில், வேறு வேறு நிறக் காகிதத்தில். 6 க்ராய்ட்ஸருக்கு நீலப்பச்சைக் காகிதம், 9-க்கு இளஞ்சிவப்பு. எப்போதோ ஒரு தடவை 9-ஐ 6-க்கான நீலப்பச்சைக் காகிதத்தில் அச்சிட்டுவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. தபால் நிலையத்திலும் கவனிக்கவில்லை, வாங்கியவரும் கவனிக்கவில்லை. ஒர்ஷ்வையர், எட்டன்ஹைம் என்ற சிற்றூர்களிலிருந்து அந்தத் தலை ஒட்டிய கடிதங்கள் 1851-ல் போய்ச் சேர்ந்தன. நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து 1890-களில்தான் சேகரிப்பாளர் கண்ணில் பட்டது. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கின்றன. ஒன்று பெர்லின் தகவல்தொடர்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொழிலதிபர் எரிவான் ஹாவ்ப் சேர்த்து வைத்த கடித உறை 2019-ல் ஏலத்துக்கு வந்தபோது 10 லட்சம் யூரோவைத் தாண்டியது.

இதே மாதிரிக் காகிதம் மாறிய கதை சாக்சனியிலும் உண்டு. சாம்பல் நிறக் காகிதத்தில் வர வேண்டிய அரை நோய்குரோஷன், 2 நோய்குரோஷனுக்கான வெளிர்நீலக் காகிதத்தில் வந்துவிட்டது. லூபெக்கில் நடந்தது வேறு விதம். 2 ஷில்லிங் தாளில் இரண்டு தலைகளில் மட்டும், அடியில் உள்ள பட்டையில் 'இரண்டு' என்பதற்குப் பதிலாக 'இரண்டரை' என்று எழுத்து விழுந்துவிட்டது. எண் 2, எழுத்து இரண்டரை! இதெல்லாம் நமக்கு எட்டாத விலை. ஆனாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. காகித நிறத்தையும் எழுத்தையும் ஒவ்வொரு தலையிலும் படித்துப் பார்க்கும் பழக்கம் இப்படிப்பட்ட கதைகளால்தான் வரும்.

நான்காக வெட்டிய தலை ஒன்று பார்த்தேன். அது செல்லுமா?

செல்லும், அதற்காகவே செய்ததுதான். பிரன்ஸ்விக் 1857-லும், மெக்லென்பர்க்-ஷ்வெரின் 1856-லும் வெளியிட்ட தலைகளில் ஒரே சதுரத்துக்குள் நான்கு சிறு சதுரங்கள் இருக்கும். முழுதாக ஒட்டலாம், கால் பாகத்தை, பாதியை, முக்கால் பாகத்தை வெட்டி ஒட்டலாம். சில்லறைக் கட்டணத்துக்குத் தனித் தலை அச்சிடாமல் சமாளித்த வழி. மூன்று கால் பாகம் மட்டும் 'ட' மாதிரி ஒட்டிய உறையைப் பார்த்தால் மனதில் நின்றுவிடும். தனியாகக் கிடக்கும் கால் துண்டை மட்டும் வாங்க வேண்டாம்; முழுத் தலையிலிருந்து நேற்று யாரேனும் வெட்டியிருக்கலாம்.

ஒரு குடும்பம் எப்படித் தபால்தலை வெளியிட்டது?

டாக்சிஸ் குடும்பம் வட இத்தாலியின் பெர்காமோ பகுதியிலிருந்து வந்தது. 1500 வாக்கிலேயே ஐரோப்பா முழுக்கக் குதிரை அஞ்சல் நடத்தினார்கள். நெப்போலியன் காலம் முடிவதற்குள் பெரிய மாநிலங்கள் பலவும் சொந்த அஞ்சல் நடத்தத் தொடங்கிவிட்டன. ஆனால் ஹெஸ்ஸன், நாசாவ், துரிங்கியாவின் குட்டிக் குட்டி அரசுகள், ஃபிராங்க்ஃபர்ட் போன்றவை இந்தக் குடும்பத்திடமே விட்டுவைத்தன. 1852 ஜனவரி 1 முதல் தலைகள். வடக்கு மாவட்டங்களுக்குக் குரோஷனில் ஒரு வரிசை, தெற்குக்கு க்ராய்ட்ஸரில் ஒரு வரிசை. 1866 போரில் பிரஷ்யா ஃபிராங்க்ஃபர்ட்டைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று 30 லட்சம் தாலர் கொடுத்து அந்த அஞ்சலையே எடுத்துக்கொண்டது. சுமார் 350 வருடத் தொழில் அத்தோடு முடிந்தது.

தண்ணீரில் ஊறவைத்து உறையிலிருந்து எடுக்கலாமா?

வேண்டாம். உறையில் இருந்தால் உறையோடு வையுங்கள். எங்கிருந்து எங்கே போனது, எத்தனை நாள் ஆனது, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது. தலையை மட்டும் பிடுங்கினால் அதன் வாயை அடைத்த மாதிரி.

பிரஷ்யாவின் 1866-ம் ஆண்டு 10, 30 சில்பர்குரோஷன் தலைகளை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய காகிதத்தின் பின்பக்கத்தில் படத்தைத் திருப்பி அச்சிட்டு, அந்த அச்சின் மேலேயே பசை தடவியிருக்கிறார்கள். கழுவி மறுபடி ஒட்டப் பார்த்தால் பசையோடு படமும் கரைந்துவிடும். அதற்காகவே அப்படிச் செய்தார்கள். கிட்டத்தட்ட 160 வருடம் கழித்தும் அந்தப் பொறி அப்படியே வேலை செய்கிறது.

போலிகளும் மறுஅச்சும் ஒன்றா?

வேறு வேறு. மறுஅச்சு என்பது அசல் அச்சுக் கல்லையோ தட்டையோ வைத்து, தலை செல்லாமல் போன பிறகு சேகரிப்பாளருக்காக அடித்தது. ஹெலிகோலாந்தில் இது பெருமளவில் நடந்தது. ஆல்பங்களில் இருக்கும் ஹெலிகோலாந்து தலைகளில் மறுஅச்சுதான் அதிகம். பெர்கடோர்ஃப் அச்சுக் கற்களும் பிரஸ்ஸல்ஸ் வியாபாரி மோன்ஸ் கைக்குப் போய் மறுபடி மறுபடி அச்சாகின.

போலி என்பது முதலிலிருந்தே புதிதாக வரைந்து அடித்தது. ஹாம்பர்க்கின் ஸ்பைரோ சகோதரர்கள் 19-ம் நூற்றாண்டில் ஏராளமாக அடித்தார்கள். அப்போது ஆல்பத்தில் காலி இடத்தை நிரப்ப வெளிப்படையாகவே விற்றார்கள். ஜெனீவாவின் ஃபூர்னியே அடுத்து வந்தவர். ஸ்பெராட்டி என்ற இத்தாலியர் வேலை பார்த்தவிதம் வேறு. நிஜமான மலிவுத் தலையின் அச்சை ரசாயனத்தால் அழித்து, அதே நிஜக் காகிதத்தில், சில சமயம் நிஜ முத்திரையையும் மிச்சம் வைத்து, விலை உயர்ந்த தலையை அடித்துவிடுவார். காகிதமும் முத்திரையும் சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

விலை உயர்ந்ததை வாங்கும்போது பி.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜெர்மன் நிபுணர் சங்கத்தைச் சேர்ந்தவரின் படத்தோடு கூடிய சான்றிதழ் கேளுங்கள். பின்பக்கம் நிபுணரின் குட்டிப் பெயர் முத்திரை மட்டும் இருந்தால் அது போதாது. அதையும் போலியாகக் குத்துகிறார்கள். ஒவ்வொரு நிபுணரும் குறிப்பிட்ட சில மாநிலங்களை மட்டுமே பார்ப்பார்.

நம்ம ஊர்ச் சூழலில் எப்படிப் பாதுகாப்பது?

ஈரப்பதம்தான் பெரிய எதிரி. கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை வந்தாலே பசை இளகித் தலை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகளும் வரும். ஹனோவர் தலைகளின் இளஞ்சிவப்புப் பசை போன்ற அழகான விஷயங்கள் எல்லாம் அந்த ஒரு மழைக்காலத்தில் போய்விடும். அதனாலேயே நம் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு, பசை உள்ள தலையைவிட முத்திரை விழுந்ததைச் சேருங்கள் என்பேன். ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டவே வேண்டாம். கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

இதற்கும் தமிழகத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. லைப்சிக் லூத்தரன் மிஷன் தரங்கம்பாடியில் வேலை செய்த காலம் இதே காலம்தான். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849-ல் இந்தியாவுக்குக் கிளம்பினார். பவேரியாவின் கறுப்புத் தலை வந்த அதே ஆண்டு. இங்கே தமிழ் கற்று, பிறகு திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர் அவர். 1853-ல் அவர் ஊர் திரும்பியபோது சாக்சனி, பிரஷ்யா, ஹனோவர், பாடன், வூர்ட்டம்பெர்க் எல்லாவற்றிலும் தபால்தலை வந்துவிட்டிருந்தது. தஞ்சாவூர் வட்டாரத்துக்கும் லைப்சிக்குக்கும் நடுவே போன அந்தக் காலத்து மிஷன் கடித உறை ஏலத்தில் எங்காவது தென்பட்டால் தவறவிடாதீர்கள். நான் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

எந்த ஆண்டோடு இந்தச் சேகரிப்பு முடிகிறது?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1868 ஜனவரி 1 அன்று வட ஜெர்மன் கூட்டமைப்பின் பொதுத் தலைகள் வந்ததும் பிரஷ்யா, சாக்சனி, ஹாம்பர்க் போன்றவை நின்றுபோயின. பாடன் 1871 முடிவில். வூர்ட்டம்பெர்க் 1902 வரை பொதுமக்களுக்குச் சொந்தத் தலை விற்றது. பவேரியா விடாப்பிடியாக 1920 வரை போனது. முதலில் தொடங்கியதும் கடைசியில் விட்டதும் அதுதான்.

தாத்தாவின் ஆல்பத்தில் கறுப்பு 1 க்ராய்ட்ஸர் இருக்கிறது. நிஜமா?

ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் முதலில் லென்ஸில் பாருங்கள். மூலைகளில் உள்ள எண்களும் பூவேலையும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கலாக, கல்லச்சு மாதிரி தட்டையாக இருந்தால் ஸ்பைரோ வகைப் போலியாக இருக்கலாம். ஓரத்தை இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள், அச்சு அழுந்திய தடம் தெரிகிறதா என்று. வெளிச்சத்தில் பிடித்து உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால், அது நிஜமான கறுப்பு ஒன்று அல்ல. அதற்கு நூல் கிடையாது என்று மேலே சொன்னேனே. இவ்வளவிலும் தேறினால், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நல்ல ஒளியில் ஸ்கேன் எடுத்து, பவேரியா பார்க்கும் நிபுணருக்கு அனுப்புங்கள். அதுவரைக்கும் யார் என்ன விலை சொன்னாலும் விற்காதீர்கள். ஆல்பத்தையும் பிரிக்காதீர்கள்; தாத்தா அதே பக்கத்தில் வேறு என்னென்ன ஒட்டியிருக்கிறார் என்று பாருங்கள், பக்கத்துத் தலைகள் நிஜமா போலியா என்பதிலேயே பாதி பதில் இருக்கும்.